ஈஸ்ட் மரபணுவை எழுப்புவது யார்? புதிதாகப் படிக்க வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எம்.எஸ்சி. சேர்ந்த புதிதில் மாணவர்கள் என்னிடம் ஒரு தாளோடு வருவார்கள். டிஎஃப்-2-டி, மீடியேட்டர், சாகா, சுவிட்ச்-ஸ்னிஃப் என்று வரிசையாகப் பெயர்கள், எல்லாம் பல புரதங்கள் சேர்ந்த கூட்டமைப்புகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை துணையலகுகள், அதாவது எத்தனை தனிப் புரதங்கள் சேர்ந்தது, என்று ஒரு எண். “சார், இதையெல்லாம் மனப்பாடம் பண்ணணுமா?”

பண்ண வேண்டாம். பண்ணினாலும் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடும். குன்னூரில் என் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலைந்து பேர் உட்கார்ந்து இதைப் படிப்பதுண்டு. அங்கே நாங்கள் செய்வதைத்தான் எழுதுகிறேன். ஒரு நோட்டு, இணையம் உள்ள கணினி, கடையில் வாங்கிய உலர் ஈஸ்ட், ஒரு மாதப் பொறுமை, இவ்வளவுதான் வேண்டும். டிஎன்ஏவைப் பார்த்து ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது, ஆர்என்ஏவைப் பார்த்து புரதம் செய்யப்படுகிறது என்கிற பிளஸ் டூ பாடம் நினைவிருந்தால் சரி.

முறை இதுதான். ஈஸ்டில் ஏறக்குறைய 6,000 மரபணுக்கள் இருக்கின்றன. அதில் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது தூங்குவதிலிருந்து விழிப்பது வரை, அதாவது அதிலிருந்து ஆர்என்ஏ படியெடுக்கத் தொடங்கும் வரை, கூடவே போங்கள். வழியில் எதிர்ப்படும் ஒவ்வொரு புரதக் கூட்டமைப்பிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: நீ இல்லாவிட்டால் எது நின்றுபோகும்?

தேயிலை ஃபேக்டரிக்குள் முதல் தடவை போகிறவருக்கும் இதே திண்டாட்டம்தான். எங்கு பார்த்தாலும் மெஷின், எங்கு பார்த்தாலும் சத்தம். கொழுந்தின் பின்னாலேயே போனால், வாட்டுகிற இடம், சிடிசி மெஷின், டிரையர், சலிக்கிற இடம் என்று வரிசை புரியும். ஒரு மெஷின் நின்றால் கொழுந்து எங்கே தேங்குகிறது என்று பார்த்தால், அதன் வேலை என்ன என்பதும் புரிந்துவிடும்.

நாம் பிடித்துக்கொள்ளப் போகும் மரபணு கேல்1. கேலக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்க முதலில் தேவைப்படும் நொதியை உண்டாக்குவது இதுதான்.

முதல் வேலை: பெயரை வாசிக்கப் பழகுங்கள்

ஈஸ்ட் மரபணுக்களின் பெயர்கள் கன்னாபின்னாவென்று தோன்றும். உண்மையில் பெரும்பாலானவை புகார் மனுக்கள். ஒரு மரபணு கெட்டுப்போனபோது ஈஸ்டுக்கு என்ன கோளாறு வந்ததோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள். கேலக்டோஸில் வளர முடியாமல் போனவை கேல் வரிசை. சுக்ரோஸை நொதிக்க முடியாமல் போனவை எஸ்என்எஃப் வரிசை. இனச்சேர்க்கை வகையை மாற்றிக்கொள்ள முடியாதவை எஸ்டபிள்யூஐ வரிசை. வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு கோளாறுகளைத் தேடிப் போனார்கள். கடைசியில் பார்த்தால் எஸ்டபிள்யூஐ2வும் எஸ்என்எஃப்2வும் ஒரே மரபணு. சர்க்கரைக்கும் இனச்சேர்க்கைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் நேரடிச் சம்பந்தம் கிடையாது. டிஎன்ஏவை மூடியிருக்கும் நியூக்ளியோசோம்களை நகர்த்துகிற ஒரே மெஷின் இரண்டு இடத்திலும் வேலை செய்கிறது. சுவிட்ச்-ஸ்னிஃப் என்ற இரட்டைப் பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

இன்னொன்று, மெட்15. மீடியேட்டர் கூட்டமைப்பின் துணையலகுகளுக்கு 2004இல் பொதுவான பெயர் வரிசை ஒன்று வந்தது. அதற்கு முந்தைய கட்டுரைகளில் இதன் பெயர் கேல்11. பழைய பெயரைப் பார்த்ததுமே, இது கெட்டால் கேலக்டோஸ் விஷயத்தில் ஈஸ்ட் தடுமாறும் என்று ஊகித்துவிடலாம். நோட்டில் புதுப் பெயரையும் பழைய பெயரையும் சேர்த்தே எழுதுங்கள். இல்லாவிட்டால் 1990களின் கட்டுரையை எடுக்கும் அன்று திணறுவீர்கள்.

பெயர் தவிர முகவரியும் உண்டு. கேல்4 மரபணுவின் முகவரி ஒய்பிஎல்248சி (YPL248C). ஒய் என்றால் ஈஸ்ட். பி என்றால் 16ஆவது குரோமோசோம், ஏயிலிருந்து எண்ணிப் பாருங்கள். எல் என்றால் இடப்பக்கக் கை. 248 என்பது நடுவிலிருந்து எண்ணினால் எத்தனையாவது என்பது. சி என்றால் இரண்டு இழைகளில் எது என்பது. சாக்கரோமைசஸ் ஜீனோம் டேட்டாபேஸ் என்ற இலவசத் தளத்தில் பெயரைத் தட்டினாலும் முகவரியைத் தட்டினாலும் ஒரே பக்கம் வரும். இந்த வாரம் முழுவதும் அந்தப் பக்கத்தைச் சும்மா மேய்ந்தால் போதும். மரபணுவைப் பெரிய எழுத்திலும், கெட்டுப்போன வடிவத்தைச் சிறிய எழுத்திலும், புரதத்தை முதல் எழுத்து மட்டும் பெரிதாகவும் எழுதுவது வழக்கம். தமிழில் அந்த வித்தியாசம் காட்ட வழியில்லை. நோட்டில் மட்டும் ஆங்கில எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: நாலு பாட்டில், நாலு பலூன்

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஈஸ்ட் முடிவெடுப்பதைக் கண்ணால் பாருங்கள். ஈஸ்ட் சாறு 1 சதவீதம், பெப்டோன் 2 சதவீதம் கலந்த தண்ணீர் தயார் செய்யுங்கள். நாலு பாட்டிலில் சம அளவு ஊற்றி, ஒவ்வொன்றிலும் 2 சதவீதம் சர்க்கரை சேருங்கள். ஒன்றில் குளுக்கோஸ், ஒன்றில் வீட்டுச் சர்க்கரை, ஒன்றில் கேலக்டோஸ், ஒன்றில் பால் சர்க்கரையான லாக்டோஸ். கேலக்டோஸ் விலை கொஞ்சம் கடிக்கும். கல்லூரி ஆய்வகம் வழியாகச் சின்ன டப்பா வாங்கினால் ஒரு வகுப்புக்கே போதும். நாலிலும் ஒரே அளவு ஈஸ்ட் போட்டு, வாயில் பலூனை மாட்டிவிடுங்கள்.

இங்கே மலைவாசிகளுக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கலவையைக் கிருமி நீக்க வேண்டும். புத்தகத்தில் 121 டிகிரி, 15 நிமிடம் என்று போட்டிருக்கும். குக்கரில் 15 பவுண்டு அழுத்தம் வந்தால் 121 டிகிரி என்பது கடல் மட்டக் கணக்கு. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணீரே ஏறக்குறைய 94 டிகிரியில் கொதித்துவிடும். குக்கர் தரும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே கூடுவது. வெளிக்காற்றே இங்கு லேசாக இருப்பதால் உள்ளே 118 டிகிரியைத் தாண்டுவது சிரமம். மூன்று டிகிரிதானே என்று நினைக்காதீர்கள், கிருமி சாக ஆகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. முதல் வருடம் இது உறைக்காமல் 15 நிமிடத்திலேயே இறக்கி வைத்தேன். மூன்றாம் நாள் பாட்டிலுக்குள் ஈஸ்ட் வாசனைக்குப் பதில் அழுகிய வாடை. அப்புறம் 35 நிமிடம் என்று மாற்றினேன், பிரச்சினை தீர்ந்தது. ஊட்டியில் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குளிர் இன்னொரு தொல்லை. ஈஸ்டுக்கு 30 டிகிரி பிடிக்கும். நல்ல சாப்பாட்டோடு அந்தச் சூட்டில் வைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் இரண்டாகும். டிசம்பரில் உறைபனி விழும் ஊரில் மேஜை மேல் வைத்தால் அது போர்வைக்குள் சுருண்டு படுத்துவிடும். வர்க்கி போடுகிறவர்கள் மாவை அடுப்படிப் பக்கம் வைப்பது இதனால்தான். ஒரு தெர்மாகோல் பெட்டி, உள்ளே 40 வாட் குண்டு பல்பு, ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் இன்குபேட்டர் தயார். எல்இடி பல்பு சூடு தராது, வாங்கி ஏமாறாதீர்கள்.

குளுக்கோஸ் பலூனும் வீட்டுச் சர்க்கரைப் பலூனும் முதலில் எழும். லாக்டோஸ் பலூன் கடைசிவரை தொங்கிக்கொண்டே இருக்கும். அதை உடைக்கும் நொதி பேக்கரி ஈஸ்டிடம் இல்லை. கேலக்டோஸ் பலூன்தான் நமக்கு வேண்டியது. பல மணி நேரம் தொங்கும், பிறகு மெல்ல எழும். பொதுவாக இரவு வைத்துவிட்டுக் காலையில் பார்ப்போம். மற்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஈஸ்ட் செத்துவிட்டது, சூடு பத்தவில்லை போன்ற சந்தேகங்கள் கழிந்துவிடும். மிஞ்சுவது ஒன்றுதான்: கேலக்டோஸைத் தின்னும் மரபணுக்கள் ஈஸ்டிடம் இருந்தன, மூடிக் கிடந்தன, திறக்க நேரம் பிடித்தது.

கடை ஈஸ்டுக்குப் பதில் ஆய்வக ஈஸ்ட் கிடைத்தால் எந்த ரகம் என்று கேட்டு வாங்குங்கள். 1996இல் முழு மரபணுத் தொகுதியும் வாசிக்கப்பட்ட புகழ்பெற்ற ரகம் எஸ்288சி. அதில் கேலக்டோஸை உள்ளே கொண்டுவரும் கேல்2 பழுது. அதை வைத்துக்கொண்டு பலூன் எழவில்லையே என்று காத்திருந்தால் ஈஸ்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

மூன்றாவது: பலூன் தொங்கிய நேரத்தில் உள்ளே நடந்தது

இதுதான் பாடத்தின் நடுப்பகுதி. நிதானமாகப் படியுங்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நோட்டில் ஒரு படம் போடுங்கள்.

குளுக்கோஸ் இருக்கும்வரை கேல்1 பூட்டிக் கிடக்கிறது. பூட்டுவது மிக்1 என்ற புரதம். டிஎன்ஏவில் உட்கார்ந்து டப்1-சைக்8 என்ற கூட்டமைப்பை அழைத்து வருகிறது. ஒரு சைக்8, நான்கு டப்1 சேர்ந்தது அது. குளுக்கோஸ் தீர்ந்ததும் ஸ்னிஃப்1 என்ற கைனேஸ் மிக்1இன் மேல் பாஸ்பேட் ஒட்டுகிறது, மிக்1 உட்கருவை விட்டு வெளியேறுகிறது.

பூட்டு கழன்றால் போதுமா? போதாது. கேல்1க்கு முன்னால் இருக்கும் டிஎன்ஏவில் கேல்4 உட்கார நான்கு இடங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 17 எழுத்து நீளம். கேல்4 இரண்டிரண்டாக வந்து அமரும். ஆனால் அதன் வாயை கேல்80 என்ற இன்னொரு புரதம் பொத்திக்கொண்டிருக்கிறது. கேலக்டோஸ் செல்லுக்குள் வந்து கேல்3ஐப் பிடித்தால், கேல்3 போய் கேல்80ஐ இழுத்துக்கொள்கிறது. கேல்4இன் வாய் திறக்கிறது.

இங்கே ஒரு நல்ல சோதனை. ராஃபினோஸ் என்ற சர்க்கரை பூட்டவும் செய்யாது, எழுப்பவும் செய்யாது. அதில் வளர்த்த ஈஸ்டுக்குக் கேலக்டோஸ் கொடுத்தால் சில நிமிடங்களிலேயே கேல்1இன் ஆர்என்ஏ தெரிய ஆரம்பிக்கும். குளுக்கோஸில் வளர்ந்த ஈஸ்ட் மணிக்கணக்கில் தாமதிக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தால், பூட்டைக் கழற்றுவதும் வாயைத் திறப்பதும் இரண்டு தனி வேலைகள் என்பது விளங்கும். புத்தகங்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒரே அம்புக்குறியில் அடக்கிவிடுகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை.

வாய் திறந்த கேல்4 தானாக ஆர்என்ஏ செய்வதில்லை, கூப்பிடுகிறது. முதலில் வருவோரில் ஒன்று சாகா. 19 துணையலகுகள் கொண்டது. அதன் ட்ரா1 என்ற பெரிய பகுதிதான் கேல்4இடம் பிடிமானம். ஜிசிஎன்5 என்ற பகுதி, டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களின் வால்களில் அசிட்டைல் குழுவை ஒட்டுகிறது. ஒரு நியூக்ளியோசோம் என்பது எட்டு ஹிஸ்டோன்களைச் சுற்றிய 147 எழுத்து டிஎன்ஏ. வாலில் அசிட்டைல் ஏறினால் அந்தச் சுருணை தளர்கிறது, மற்றவர்கள் பிடிக்க அடையாளமும் கிடைக்கிறது. சுவிட்ச்-ஸ்னிஃப் ஏடிபியை எரித்துச் சுருணையை நகர்த்துகிறது, சில நேரம் கழற்றியே போடுகிறது.

அடுத்து மீடியேட்டர். தலை, நடு, வால், கூடவே கழன்று ஒட்டும் ஒரு கைனேஸ் பகுதி என 25 துணையலகுகள். வாலில் இருக்கும் மெட்15ஐத்தான் கேல்4 பிடிக்கிறது. தலைப்பகுதி, ஆர்என்ஏவைப் படியெடுக்கும் நொதியான ஆர்என்ஏ பாலிமரேஸ்-2ஐப் பிடிக்கிறது. கூப்பிடுகிறவரையும் வேலை செய்கிறவரையும் கோர்த்துவிடும் ஆள் இது. கேல்4இன் இரண்டு வேலைகள், டிஎன்ஏவைப் பிடிப்பதும் கூப்பிடுவதும், தனித்தனித் துண்டுகளில் இருக்கின்றன என்பதை 1985இல் ரோஜர் பிரென்ட்டும் மார்க் டாஷ்னேயும் காட்டினார்கள். பாக்டீரியாவின் லெக்ஸ்-ஏ புரதத்தில் கேல்4இன் கூப்பிடும் துண்டை ஒட்டினார்கள், லெக்ஸ்-ஏ உட்காரும் இடத்தை ஈஸ்டில் ஒரு மரபணுவுக்கு முன் வைத்தார்கள், மரபணு விழித்தது. இந்த ஒரு சோதனையை உங்கள் வார்த்தையில் யாருக்காவது சொல்லிப் பாருங்கள். தடங்கலில்லாமல் வந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

இனி பாலிமரேஸ் அமரும் இடம். டாட்டா என்ற எழுத்து வரிசையில் டிபிபி என்ற புரதம் குதிரைச் சேணம்போல உட்கார்ந்து டிஎன்ஏவைக் கூர்மையாக மடக்குகிறது. அதை அங்கே கொண்டுவருவதில் சாகாவுக்கும் டிஎஃப்-2-டி என்ற இன்னொரு கூட்டமைப்புக்கும் பங்குண்டு. அதே டிஎஃப் வரிசையில் 2-ஏ, 2-பி, 2-எஃப், 2-இ, 2-எச் என்று மற்றவை சேர்ந்து, 12 துணையலகுகள் கொண்ட பாலிமரேஸை நடுவில் உட்கார வைக்கின்றன. 2-எச்சில் ஒரு பகுதி இழைகளைப் பிரிக்க உதவுகிறது. இன்னொரு பகுதியான கின்28, பாலிமரேஸின் நீண்ட வாலில் பாஸ்பேட் ஒட்டுகிறது. ஏழு அமினோ அமிலம் கொண்ட ஒரே வரி ஈஸ்டில் 26 முறை திரும்பத் திரும்ப வரும் வால் அது.

வண்டி கிளம்புவது அப்போதுதான். எங்கள் மலை ரயிலில் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே பற்சட்டம் உண்டு. நீராவி எஞ்சின் பல்லைப் பிடித்துத் தள்ளி ஏற்றும். குன்னூரில் டீசல் எஞ்சின் மாற்றி, பற்சட்டம் இல்லாமலே ஊட்டி போகும். பாலிமரேஸும் அப்படித்தான். ஏற்றி உட்காரவைத்த கூட்டத்தில் பெரும்பாலானோர் துவக்க இடத்திலேயே நின்றுவிடுவார்கள். பாஸ்பேட் ஏறிய வால் வேறு துணையாட்களைச் சேர்த்துக்கொண்டு மரபணு நெடுகப் போகும். உவமையை இதற்கு மேல் இழுக்காதீர்கள், ரயில் நேர அட்டவணைப்படி ஓடுகிறது, பாலிமரேஸ் அப்படியில்லை.

நான்காவது: வடிவத்தைத் திருப்பிப் பாருங்கள்

புரதத் தரவு வங்கியின் தளத்தில் மூன்று பதிவுகள் மட்டும் போதும். நிறைய திறந்தால் தலை சுற்றும். 1டி66 (1D66): கேல்4 டிஎன்ஏவைப் பிடித்திருப்பது. உலாவியிலேயே திருப்பலாம். இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு புரதத்திலும் இரண்டிரண்டு துத்தநாக அணுக்கள் தெரியும், அவற்றை சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் ஆறு பிடித்திருக்கும். இரண்டு முனைகளும் மூன்று எழுத்துகளைத்தான் படிக்கின்றன, நடுவில் 11 எழுத்துகளை எட்டித் தாண்டுகின்றன. இதை எண்ணிப் பார்க்காமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

1ஒய்டிபி (1YTB): டிபிபியும் டாட்டாவும். டிஎன்ஏ மடிந்திருப்பதைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் தெரியும். 1ஐ50 (1I50): பாலிமரேஸ்-2. ரோஜர் கோர்ன்பெர்க் குழு 2001இல் வெளியிட்டது. அவருக்கு 2006இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அதில் பத்துத் துணையலகுகள்தான் இருக்கும். பன்னிரண்டு என்று படித்தோமே என்று முழிக்காதீர்கள், ஆர்பிபி4, ஆர்பிபி7 இரண்டும், வடிவத்தைப் படமெடுக்க வளர்த்த படிகத்தில் இல்லை. வாலும் தெரியாது. ஆடிக்கொண்டே இருக்கும் பகுதி படிகத்தில் பதிவதில்லை. படத்தில் இல்லாதது செல்லிலும் இல்லை என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்திருக்கிறேன்.

ஐந்தாவது: ‘நீ இல்லாவிட்டால்’ கேள்வி ஏமாற்றும் இடம்

இதுவரை ஒரே கேள்வியை வைத்து ஓட்டினோம். அதற்கும் ஓட்டை உண்டு. சாகாவின் துணையலகான எஸ்பிடி20ஐ நீக்கினால் அந்தத் துண்டு மட்டும் போவதில்லை, சாகா முழுவதும் சரிந்துவிடுகிறது. அப்போது நின்றுபோனதெல்லாம் எஸ்பிடி20இன் வேலை என்பது, தூணை உருவிக் கூரை விழுந்ததும், கூரையின் வேலையையும் தூண்தான் செய்தது என்று சொல்வது போலாகும். ஜிசிஎன்5ஐ நீக்கினாலோ ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். மீடியேட்டரின் மெட்17 போனால் பிழைக்காது. அதனால் மெட்17ஐ ஆராய, சூடு ஏற்றினால் மட்டும் கெட்டுப்போகும் வடிவத்தை உபயோகிக்கிறார்கள். சூடு ஏற்றியதும் பாலிமரேஸ்-2 செய்யும் படியெடுத்தல் ஏறக்குறைய எல்லா மரபணுவிலும் நின்றுவிடுகிறது.

இன்னும் நுணுக்கமான ஓட்டை ஒன்று. சாகாவைக் கெடுத்தபோது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மரபணுக்கள்தான் தடுமாறின, மீதிக்கு டிஎஃப்-2-டி போதும் என்று பல வருடம் பாடப் புத்தகம் சொன்னது. 2017இல் புது ஆர்என்ஏவை மட்டும் தனியாக அளந்தபோது, இரண்டும் அநேகமாக எல்லா மரபணுக்களுக்கும் தேவை என்று வந்தது. பழைய அளவீட்டில் என்ன பிசகு? செல்லில் மொத்தம் எவ்வளவு ஆர்என்ஏ கிடக்கிறது என்றுதான் அப்போது பார்த்தார்கள். புதிதாகச் செய்வது குறைந்தால் ஈஸ்ட் பழையதை அழிப்பதையும் குறைத்துக்கொள்கிறது. தொட்டியில் தண்ணீர் மட்டம் மாறவில்லை என்பதால் குழாயில் வரத்து குறையவில்லை என்று நினைத்த கதை. ஆகவே எந்தக் கட்டுரையை எடுத்தாலும் முதலில் பாருங்கள்: அளந்தது மட்டத்தையா, வரத்தையா?

நோட்டில் கேல்1க்கு ஐந்தாறு பக்கம் நிறைந்த பிறகு பிஹெச்ஓ5க்குப் போங்கள். பாஸ்பேட் இல்லாதபோது விழிக்கும் மரபணு அது. அதற்கு முன்னால் நியூக்ளியோசோம்கள் இடம் பிசகாமல் வரிசையாக உட்கார்ந்திருக்கும், எழுப்புகிறவர் பிஹெச்ஓ4. கேல்4 இருந்த இடத்தில் பிஹெச்ஓ4ஐ வைத்து மூன்றாவது பகுதியை மறுபடி எழுதிப் பாருங்கள். எந்த வரியை மாற்ற வேண்டியிருக்கிறது, எதை அப்படியே விடலாம் என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டில்களை மட்டும் கொதிக்க வைத்துவிட்டுக் கழுவுங்கள். வாரக்கணக்கில் மூடி வைத்து மறந்த பாட்டில் ஒன்று என் மாடியில் வெடித்தது, கூரையில் கறை இன்னும் இருக்கிறது.